ஏலத்தோட்டத்துக்கு வந்த உடல்நலக் கணக்கெடுப்பு: கூப்பிடலாமா?

கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் செக்ரோல், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு, எழுதுகிறேன். போன காய் எடுப்பு சீசனில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவக் குழு எங்கள் தோட்டத்துக்கு வந்தது. வேலையாட்களின் உடம்புக்கு என்ன குறை, என்ன தேவை என்று கணக்கெடுத்து, கூடவே ஒரு முகாமும் நடத்தினார்கள். தோட்டத்துக்குப் பெரிய செலவில்லை. ஸ்டோரில் (காய் உலர்த்தும் கட்டிடத்தில்) ஓர் அறை, மதியச் சாப்பாடு, முகாமுக்கு வந்தவர்களுக்கு அரை நாள் கூலி, அவ்வளவுதான். அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்து கேட்கிறார்கள், கூப்பிடலாமா என்று. கூப்பிடுங்கள். ஆனால் சில விஷயங்களை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பைப் பக்கத்துப் பெண்கள். விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலை ஏறி, இருட்டும் நேரத்துக்கு இறங்கிப் போகிறவர்கள். லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், தங்கியிருப்பவர்கள் ஜார்க்கண்ட், அசாம் பையன்கள். என் அம்மாவும் இதே மலையில் காய் எடுத்தவர். அதனால் இந்தக் குழு வந்தபோது நான் சும்மா மேசை போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் கவனித்தேன்.

வந்ததும் செக்ரோலைக் கேட்டார்கள். அதிலிருந்து இத்தனைக்கு ஒருவர் என்று பெயரைப் பொறுக்கிப் பேட்டி எடுப்பதாகத் திட்டம். நான் சொன்னேன்: "டாக்டர், இன்னைக்குக் காட்டுல நிக்கிறவங்கள்ல பாதிப் பேரு இந்த நோட்டுல இல்ல. கங்காணி கூட்டிட்டு வர்ற ஆளுக கணக்கு கங்காணிகிட்டதான் இருக்கு." குழுவின் தலைவி அந்த அம்மா நோட்டை மூடிவிட்டார். மறுநாள் காலை ஜீப் வந்து நிற்கும் இடத்திலேயே நின்று, இறங்கியவர்களை எண்ணி, அதிலிருந்து ஆள் எடுத்தார்கள். இந்த ஒன்றுக்காகவே அவர்கள் மீது எனக்கு மரியாதை வந்தது. நோட்டில் இருப்பவர்கள் நிரந்தர ஆட்கள், ஓரளவு வசதி கிடைப்பவர்கள். இல்லாதவர்கள்தான் இன்று இந்தத் தோட்டம், நாளை அந்தத் தோட்டம் என்று அலைகிறவர்கள். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு எதற்கு?

அடுத்து அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஆள் உயரத் தாளில் ஒரு பெண்ணின் உருவம் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். ஆளுக்கு ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு. எங்கே வலிக்கிறதோ அங்கே ஒட்ட வேண்டும். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க முடியும். அதனால் இடுப்பிலும் முட்டியிலும் பொட்டு குவிந்தது யாருக்கும் ஆச்சரியமில்லை. விரல் நுனியிலும் நிறைய ஒட்டினார்கள். பிறகு வயதான ஒரு அம்மா எழுந்து போய் அடிவயிற்றில் ஒட்டிவிட்டு வந்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அமைதியானது. ஒவ்வொருவராக எழுந்து அதே இடத்தில் ஒட்டினார்கள்.

ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு அந்த டாக்டர் அம்மா கேட்டபோதுதான் விஷயம் வந்தது. நீர்க்கடுப்பு, சிலருக்குக் கர்ப்பப்பை இறக்கம். "தண்ணி குடிச்சா ஒதுங்க எடம் வேணும்ல தாயி. அதான் காலையில இருந்து குடிக்கிறதே இல்ல." தோட்டத்தில் கழிப்பறை இல்லாமல் இல்லை. ஸ்டோரை ஒட்டி இருக்கிறது. காய் எடுக்கும் காட்டிலிருந்து ஏறி வந்து திரும்பினால் கூடை நிறையாது, கங்காணி முறைப்பார். ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாக, எளிதில் போய்வரும் இடத்தில் கழிப்பறை வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. அந்த 'எளிதில் போய்வரும்' என்பது எங்கள் தோட்டத்தில் இல்லை என்பதை முதல் முறையாக ஒரு தாளில் எழுதி மேனேஜர் கையில் கொடுத்தது இந்தக் குழுதான்.

மருந்தடிப்பு பற்றிய பகுதி பாதிதான் சரியாக நடந்தது. மருந்தடிக்கும் ஆட்களுக்கு, ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதனை செய்தார்கள். குயினால்பாஸ் மாதிரியான பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினால் இந்த அளவு இறங்கும். ஆனால் ஆளுக்கு ஆள் இயல்பான அளவே வேறுபடும். மருந்தடிப்பு நின்று சில வாரமாவது ஆன பிறகு ஒரு முறை எடுத்து வைத்திருந்தால்தான் பின்னால் எடுப்பதை அதோடு ஒப்பிட முடியும். இவர்கள் நடு சீசனில் வந்ததால் பல பேருக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இன்னொன்று, ஹோஸ் பிடிக்கும் ஆண்களை மட்டும் கேட்டார்கள். மருந்தடித்த மறுநாளே அதே காட்டில் இலையை விலக்கிக் குனிந்து காய் எடுப்பது பெண்கள்தானே? ஒரு பெண் தன் கையில் இருந்த அரிப்பைக் காட்டிக் கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி படிவத்தில் ஏறியது. டப்பாவின் மேல் இருக்கும் முக்கோணத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது மட்டும் அருமை. சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. யாராவது வாந்தி, வியர்வை, வாயில் எச்சில் ஒழுகுவது என்று விழுந்தால் ஆளோடு சேர்த்து டப்பாவின் லேபிளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இன்று எங்கள் ஜீப் டிரைவர்களுக்கும் அது தெரியும்.

முகாம் சுமார்தான். சரிவில் ஏறி மூச்சு வாங்க வந்தவர்களை அப்படியே உட்காரவைத்து பிரஷர் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஆசுவாசமான பிறகல்லவா பார்க்க வேண்டும்? நான் சொன்ன பிறகு பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். முதலில் பார்த்தவர்களில் சிலர் தேவையில்லாமல் பயந்துபோயிருந்தார்கள். ரத்தசோகை நிறையப் பேருக்கு இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். கட்டன் சாயாவோடு (பால் சேர்க்காத தேநீரோடு) விழுங்கினால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று யாரும் சொல்லவில்லை. இங்கே எல்லா மாத்திரையும் கட்டன் சாயாவோடுதான் உள்ளே போகும். படிவம் மலையாளத்தில் இருந்தது. தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் இருந்ததால் எங்கள் ஆட்கள் தப்பித்தார்கள். ஜார்க்கண்ட் பையன்களுக்கு இந்தி பேச ஆளில்லை. வரிசையில் நின்று, தலையாட்டிவிட்டுப் போனார்கள். மழையில் எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வாரம் ஒரு முறை போடும் டாக்சிசைக்ளின் மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்பதைக்கூட அவர்களுக்குச் சைகையில்தான் விளக்கினோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, முகாமுக்குப் பிறகு எங்கே போவது என்பது. பிரஷர், சர்க்கரை இருந்தவர்களுக்கு நெடுங்கண்டம் தாலுகா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கோம்பையிலிருந்து வரும் பெண் நெடுங்கண்டம் போனால் அன்றைய கூலியும் போகும், திரும்ப ஜீப்பும் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, பிரஷர், சர்க்கரை மாத்திரையை ஊழியர் வீட்டுக்கே கொண்டுவருவார். "அந்தப் பிள்ள வர்றப்ப நான் மலையில இருக்கேன், நான் வீடு போறப்ப அது வீட்டுக்குப் போயிருது" என்றார் ஒருவர். கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 2017-இல் கொண்டுவந்த ஆவாஸ் காப்பீடு இருக்கிறது. லயத்துப் பையன்கள் சிலரிடம் அந்த அட்டை இருந்தது. தினமும் இறங்கிப் போகிற எங்கள் பெண்கள் ஒருவரிடமும் இல்லை. ரெண்டு சர்க்காரிலும் திட்டம் இருந்தும் மலை ஏறி இறங்குகிறவளுக்கு மாத்திரை கிடைக்கவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது. இதை நான் கேட்டதும் குழுவினர் மறுக்கவில்லை. சீட்டை இரண்டாவது முறை தமிழில், கம்பம், உத்தமபாளையம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். சோதனை முடிவுகளையும் அதிலேயே எழுதினார்கள். அப்படி எழுதிய பிறகு சீட்டோடு போனவர்கள் பலர்.

அப்புறம், சொன்னபடி திரும்பி வந்தார்கள். இதற்கு முன் வந்த முகாம்கள் படம் எடுத்துக்கொண்டு போனதோடு சரி. இவர்கள் ஜீப் கிளம்பும் நேரத்தில் வந்து, பெயர் எதுவும் சொல்லாமல், மொத்தத்தில் என்ன கண்டோம் என்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்கள். மேனேஜர் முன்னாலேயே. காட்டுக்கு நடுவில் இரண்டு தற்காலிகக் கழிப்பறை போட அவர் ஒப்புக்கொண்டார், போட்டும் விட்டார். மருந்தடித்த காட்டில் உடனே ஆள் இறக்கக்கூடாது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

என் மதிப்பெண்: கணக்கெடுப்புக்கு 5-க்கு 4, முகாமுக்கு இரண்டரை. கூப்பிடுகிறவர்கள் காய் எடுப்பு மும்முரமாகும் முன்பே கூப்பிடுங்கள். பெண் டாக்டர் வரும் நாளாகக் கேளுங்கள். தமிழ்ப் படிவமும் இந்தி பேச ஓர் ஆளும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கங்காணிகளிடம் முந்தின வாரமே பேசி, அரை நாள் கூலி உண்டு என்பதை மேனேஜர் வாயாலேயே சொல்லவையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பெண்ணும் காட்டை விட்டு மேலே ஏறி வரமாட்டாள்.