பழைய போர்டிலேயே புது பிராசஸரா, இரண்டையும் மாற்றுவதா?

பி450 மதர்போர்டு, ரைசன் 5 1600 பிராசஸர், 16 ஜிபி டிடிஆர்4 ராம். இப்படி ஒரு கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால், அதைப் புதுப்பிக்க இரண்டு வழி உண்டு.

முதல் வழி, அதே போர்டில் ரைசன் 5 5600 போடுவது. 65 வாட்தான், கூலரும் பெட்டியிலேயே வரும். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் 1600 இல்லை; 5600 இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை (போர்டிலேயே இருக்கும், கம்ப்யூட்டரைத் துவக்கும் மென்பொருள்) அப்டேட் செய்துவிட வேண்டும். மறந்தால் திரையில் ஒன்றும் வராது. அப்புறம், கூலரை நேராக இழுக்காதீர்கள். பிராசஸருக்கும் கூலருக்கும் இடையில் தடவிய பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் உள்ள பின்கள் வளையும். கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

இரண்டாவது வழி ஏஎம்5 என்ற புதிய சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்): பி650 போர்டு, ரைசன் 5 7600. இதில் டிடிஆர்5 மட்டுமே ஏறும், பழைய ராம் உதவாது. செலவை ஏற்றுவது இதுதான். பின்கள் இங்கே போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. முதல் தடவை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ராமைப் பழக்கிக்கொள்கிறது, பயப்பட வேண்டாம். நாளை இதே சாக்கெட்டில் வேறு பிராசஸர் மாற்றலாம் என்பது நிஜமான லாபம்.

கேம் மட்டும்தான் என்றால், கிராபிக்ஸ் கார்டும் பழசு என்றால், நான் 5600 வாங்கி மிச்சத்தைக் கார்டில் போடுவேன். போர்டே தகராறு செய்தால் ஏஎம்5தான்.