முதல் நாள் எங்கே: தனுஷ்கோடியா, அரியமானா, காரங்காடா?

தீம் பார்க்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட் திறந்ததும் ஓடிப்போய், இருப்பதிலேயே பெரிய ரைடில் முதலில் ஏறிவிட வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் வரிசை நீண்டுவிடும், அப்புறம் பாதி நாள் வெயிலில் நிற்பதிலேயே கழிந்துவிடும். நானும் என் தோழியும் மதுரை பரவையில் இருக்கும் அதிசயம் பூங்காவிலும், வீகாலாண்ட் என்ற பெயரோடு 2000-இல் தொடங்கிப் பிறகு வொண்டர்லா ஆன கொச்சிப் பூங்காவிலும் அப்படித்தான் ஓடியிருக்கிறோம். அங்கே அது சரியான கணக்கு. டிக்கெட் ஒரு நாளைக்குத்தான், சாயங்காலம் ஆனால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அதே கணக்கை எங்கள் ராமநாதபுரம் கடற்கரைக்கும் கொண்டுவந்ததால்தான் இதை எழுதுகிறேன். தோழி கோயம்புத்தூர்க்காரி. நான் ராமநாதபுரம். மூன்று வருடங்களில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் விடுமுறையில் வந்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் நாளை வேறு இடத்தில் தொடங்கினோம். இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் எதை முதலில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மீதி இரண்டு நாளும் மாறிப்போகிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

முதல் தடவை தனுஷ்கோடி. தீம் பார்க் புத்தியில், பெரியதை முதலில் முடித்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். இரவு பஸ்ஸில் வந்து காலை ஆறு மணிக்கு இறங்கியவள், கொஞ்சம் கண்ணயர்ந்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி பதினொன்று ஆகிவிட்டது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். அதற்கு மேல் தனுஷ்கோடி இருபது கிலோமீட்டர் போல. நடுவில் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தாமல் யாரால் போக முடியும்? 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-இல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் எழுந்த இடம் அது. பழைய பாலத்தின் நடுப்பகுதியைக் கப்பல் வரும்போது ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு முழுத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. அவள் முதல் தடவை வந்தபோது புதுப் பாலம் வேலையில்தான் இருந்தது. ஆனாலும் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

தனுஷ்கோடிக்குள் போகும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. 2017-இல், நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது. அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, வேன்காரர்களிடம் பேசி, மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். சாலை வந்தது நல்லதுதான், வயசானவர்களும் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சாலையில் ஓர் இடத்தில்கூட நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், மேலே வெயில். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த உடம்புக்கு அது ரொம்ப அதிகம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தனுஷ்கோடி வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி அடித்த புயலில் ஓர் ஊரே போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைப் பயணிகளோடு அலை இழுத்துக்கொண்டது. அதுவரை இங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல் போனது. சென்னையில் போட் மெயில் ஏறியவர்கள் இங்கே இறங்கிக் கப்பல் மாறிக் கொழும்புக்குப் போனார்கள். இப்போது மிச்சம் இருப்பது பாதிச் சுவரோடு நிற்கிற மாதா கோயிலும், ரயில் நிலையம் போன்ற சில கட்டடங்களின் சிதைவுகளும்தான். தோழி அந்தக் கோயில் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அரிச்சல்முனைக்குப் போய் இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, நேரம் முடிந்துவிட்டது, கிளம்புங்கள் என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருட்டுவதற்கு முன்னால் ஆட்களை வெளியே அனுப்புவது அவசியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திரும்பும்போது அவள் சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கணும்டி."

அதற்கு அடுத்த இரண்டு நாளும் எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் அவள் மனசு அங்கேயே இருந்தது. அரியமானைப் பார்த்துவிட்டு, "ஏரி மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது. அரியமான் அப்படி ஒதுக்கித் தள்ளுகிற கடற்கரை இல்லை. தனுஷ்கோடிக்குப் பிறகு பார்த்ததால்தான் அது அவளுக்குச் சின்னதாகத் தெரிந்தது.

இங்கே எங்கள் மீனவர்கள் சொல்கிற ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் வடக்கே இருக்கிற பாக் விரிகுடாக் கடலைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். வடக்கில் ஆழம் குறைவு, அலையும் அடங்கியிருக்கும். தெற்கில் கடல் குமுறும். அரிச்சல்முனையில் இரண்டும் சேர்கிற இடத்தில் நீரோட்டம் இழுக்கிற இழுப்பு நின்று பார்த்தாலே தெரியும். அங்கே காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், குளிக்க இறங்கவே கூடாது. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால் இடது பக்கம் ஒரு கடல், வலது பக்கம் இன்னொரு கடல். சில நாள் இரண்டுக்கும் நிறமே வேறாக இருக்கும். என் கருத்து இதுதான்: விடுமுறையைப் பெண் கடலில் தொடங்க வேண்டும். ஆண் கடல் இரண்டாம் நாளுக்கு.

அந்த நினைப்போடுதான் இரண்டாவது தடவை அரியமானில் தொடங்கினோம். உச்சிப்புளியில் பிரதான சாலையை விட்டு வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் சவுக்குத் தோப்பு வந்துவிடும். குஷி பீச் என்றும் சொல்வார்கள். நீளமான மணல், தோப்பின் நிழல், இடுப்பளவுத் தண்ணீரில் ரொம்ப தூரம் நடக்கலாம். பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் உண்டு. தீம் பார்க்கில் செயற்கை அலைக்குளத்துக்குள் நிற்கிற சுகத்தை விரும்புகிறவர்கள் இங்கே இன்னும் கூடுதலாக அனுபவிக்கலாம். பக்கத்தில் பிரப்பன்வலசையில் கயாக் ஓட்டலாம், பலகை மேல் நின்றபடி துடுப்புப் போடவும் கற்றுத்தருகிறார்கள். தோழி இரண்டு தடவை தண்ணீரில் விழுந்து மூன்றாவது தடவை நின்றுவிட்டாள். அன்று சாயங்காலம் சவுக்குத் தோப்பில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, கல்லூரி விடுதிக் கதை முழுவதையும் பேசி முடித்தோம். தனுஷ்கோடியில் அது நடந்திருக்காது.

குறை என்று சொன்னால் சாப்பாடு. நல்ல சோறு வேண்டும் என்றால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய்விடுவது உத்தமம். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறும் கருவாட்டு வறுவலும் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. இன்னொன்று, அரியமானில் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. குளிக்கலாம், படுக்கலாம், பேசலாம். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும், மதியத்துக்கு மேல் வந்து சேருகிறவர்களுக்கும் அதைவிட நல்ல முதல் நாள் கிடையாது. அவ்வளவு.

மூன்றாவது தடவை போன காரங்காட்டைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினம் தாண்டி, காரங்காடு விலக்கில் இறங்க வேண்டும். ராமேஸ்வரம் போகிற திசை இல்லை இது. அதனாலேயே வெளியூர்க்காரர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். மீனவ கிராமம், மாதா கோயில், கோட்டக்கரை ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரம், அதைச் சுற்றி அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். படகு ஓட்டுகிறவர் அதே ஊர் மீனவர். இருவருக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு தீம் பார்க் டிக்கெட் விலைக்குக்கூட வரவில்லை.

படகு முதலில் அகலமான தண்ணீரில் போகிறது. அப்புறம் ஓடை குறுகி, இரண்டு பக்கத்துக் கிளைகளும் தலைக்கு மேல் தொடுகிற இடத்துக்குள் நுழைகிறது. என்ஜினை நிறுத்திவிட்டார் படகுக்கார அண்ணன். தண்ணீர் சொட்டுகிற சத்தமும், எங்கோ ஒரு மீன்கொத்தியின் சத்தமும் மட்டும். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டுவைத்த மாதிரி மூச்சு வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை மேலே அனுப்பி மூச்சு விடுகிறது. தோழி உயிரியல் ஆசிரியை. பாடப் புத்தகத்தில் பத்து வருடமாகப் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்ததை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள். உதிர்ந்து மிதந்த ஓர் இலையை எடுத்து அண்ணன் நீட்டினார். "நாக்குல வச்சுப் பாருங்க தாயி, உப்புக் கரிக்கும்" என்றார். கரித்தது. உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பேர் சொல்வார்கள். சுனாமிக்குப் பிறகு அந்தப் பேரின் அர்த்தம் கடற்கரைக்காரர்கள் எல்லாருக்கும் நன்றாகவே புரிந்தது.

காட்டைத் தாண்டிக் கடல் முகப்புக்கு வந்தால், ஆழமில்லாத தெளிந்த தண்ணீருக்கு அடியில் கடற்புல் ஆடிக்கொண்டிருப்பது தெரியும். கடல்பசுவின் மேய்ச்சல் நிலம் அதுதான். எங்கள் பக்கத்தில் அதை ஆவுளியா என்பார்கள். இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகம் 2022-இல் அறிவிக்கப்பட்டது இதே பாக் விரிகுடாவில்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர். நாங்கள் ஆவுளியாவைப் பார்க்கவில்லை. ஆனாலும் அது மேய்கிற புல் இதுதான் என்று தெரிந்து குனிந்து பார்ப்பதே தனி சந்தோஷம்.

கரைக்கு வந்ததும் ஊர்ப் பெண்கள் வைத்துத் தருகிற நண்டுச் சூப். மிளகுக் காரம் மூக்கில் ஏற, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். அப்புறம் கணவாய், இறால், சோறு. முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் வரத்து குறைந்து விலையும் ஏறியிருக்கும். ஆனால் நாட்டுப் படகுகள் போய்வரும் என்பதால் கரையோர ஊர்களில் அடுப்பு முழுதும் அணைந்துவிடாது.

காரங்காட்டை நான் அரியமானுக்கு மேலே வைப்பதற்குக் காரணம் சாப்பாடு மட்டுமில்லை. அங்கே பார்க்கவும் இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இருக்கிறார், களைப்பும் இல்லை. படகில் உட்கார்ந்தே எல்லாம் பார்த்துவிடலாம், பாதி நேரம் நிழல். மத்தியானம் மூன்று மணிக்கு வீடு திரும்பித் தூங்கி எழுந்தோம். மறுநாள் விடியற்காலை நாலரைக்கே கிளம்பித் தனுஷ்கோடி போனோம். உடம்பும் மனசும் தெளிவாக இருந்தன. கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் பூநாரைக் கூட்டம் நின்றது. பூநாரைகளுக்காக 2025-இல் தனுஷ்கோடியில் தனிச் சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள். அந்த மாதா கோயில் சுவருக்குப் பக்கத்தில் தோழி இந்தத் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். நானும் கூப்பிடவில்லை.

காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்னதெல்லாம் தை முதல் புரட்டாசி வரைக்குமான கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் பெண் கடல்தான் கொந்தளிக்கும், தெற்கு அடங்கிவிடும். அரியமானில் தண்ணீர் கலங்கி, பாசி ஒதுங்கிக் கிடக்கும். காரங்காட்டில் மழை நாளில் படகு விடமாட்டார்கள். அந்த நேரத்தில் வருகிறவர்கள் முதல் நாளைப் பாம்பன் குந்துகாலில் வைத்துக்கொள்ளலாம். 1897 ஜனவரி 26-ஆம் தேதி விவேகானந்தர் வந்து இறங்கிய கரை, எதிரே குருசடைத் தீவு. அப்படியே பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி முதல் நாளைத் தொடங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பெரியவர்கள் கூட வந்தால் கட்டாயம் அதுதான் முதலில். இரண்டு தோழிகள் மட்டும் என்றால் மூன்றாம் நாள் காலையில் போங்கள். ஈரத்துணியோடு வரிசையில் நிற்பதற்கு முன்னால் கொஞ்சம் கடலைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அன்றே ஊர் திரும்ப வேண்டும் என்றால் மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது தனுஷ்கோடிதான், அதுவும் சூரியன் உதிக்கும் முன்னே.

வருகிற மாசியில் தோழி மறுபடி வருகிறாள், இந்தத் தடவை தன் மகளையும் கூட்டிக்கொண்டு. சிறுமிக்கு ஆறு வயது. தீம் பார்க் போகிறோமா என்று போனில் என்னிடம் கேட்டாள். காரங்காட்டு அண்ணனிடம் சனிக்கிழமைக் காலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். சூப்பில் காரம் குறைவாகப் போடச் சொல்லியும் ஆயிற்று. சாயங்காலம் அரியமான் ஊஞ்சல்.