சுரங்க முகப்பைத் தாங்குவது எது: காற்றா, சேறா, வெட்டிய மண்ணேவா?

உவரிப் பக்கம் மணலில் உறைகிணறு இறக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கதியில் பாதி ஏற்கெனவே தெரியும். சித்தப்பா வீட்டுப் புறவாசலில் உறை இறக்கியபோது, நாலாவது உறையில் தண்ணீர் கிடப்பது இடைஞ்சலாக இருக்கிறதே என்று நான் மோட்டாரைப் போட்டு மொத்தத்தையும் இறைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து மணல் கஞ்சி மாதிரி பொங்கியது, பக்கத்துத் தொழுவத்துத் தரை ஒரு முழம் உள்வாங்கியது. உறை இறக்க வந்த அண்ணாச்சி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "ஏலே, மோட்டார நிறுத்துலே! உள்ள தண்ணி நிக்கதாலதாம்லே மண்ணு வெளிய நிக்குது!"

அந்தக் கிணற்றைப் படுக்கப் போட்டால் அதுதான் மெட்ரோ சுரங்கம். முகப்புக்கு, அதாவது முன்னால் வெட்டுகிற மண்சுவருக்கு, வெளியே மண்ணும் தண்ணீரும் எவ்வளவு தள்ளுகிறதோ அதற்கு ஈடாக உள்ளேயிருந்து ஏதாவது ஒன்று எதிர்த்து நிற்க வேண்டும். எதை நிறுத்துவது என்பதில்தான் போட்டி. பத்து மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் ஒரு பார் அழுத்தம். நிலத்தடி நீர் 3 மீட்டரிலும் சுரங்கத்தின் உச்சி 15 மீட்டரிலும் இருந்தால் உச்சியில் தண்ணீர் அழுத்தம் மட்டும் 1.2 பார், 6.5 மீட்டர் விட்டம் என்றால் அடியில் 1.85 பார். மேலுக்கும் கீழுக்கும் உள்ள இந்த வித்தியாசம் முக்கியம்.

ஏனென்றால் பழைய முறையான அழுத்தக் காற்று மாட்டிக்கொண்டது இங்கேதான். காற்று மேலும் கீழும் ஒரே அழுத்தம்தான் தரும். அடிக்குச் சரியாக வைத்தால் உச்சியில் கூடிப்போய் மண்ணைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும், உச்சிக்குச் சரியாக வைத்தால் அடியில் தண்ணீர் வரும். 1880இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்தில் காற்று வெளியேறி 20 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். சட்டென்று அழுத்தம் குறைந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டுகிற நோய் வேறு. இன்று வெட்டுப்பல்லை மாற்ற ஆள் முன்னே போகும் நேரத்துக்குத்தான் காற்று, அதோடு சரி.

அடுத்தது ஸ்லரி என்கிற சேற்று எந்திரம், அண்ணாச்சி சொன்னதன் நேர் வாரிசு. தண்ணீரில் பெண்டோனைட் களிமண்ணைக் கரைத்து எந்திரத்தின் சுழலும் வெட்டுத்தலைக்குப் பின்னால் உள்ள முகப்பு அறையை நிரப்புகிறார்கள். அதற்கே எடை உண்டு, ஆகவே ஆழம் போகப் போக அழுத்தமும் தானாகக் கூடுகிறது. மணலின் துளைகளில் புகுந்து மெல்லிய தோல் போலப் படிந்து அடைப்பதால், தள்ளுகிற விசை மண்மேல் நிற்கிறது, கசிந்து வீணாவதில்லை. இங்கிலாந்தில் ஜான் பார்ட்லெட் 1964இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அறைக்குள் காற்று மெத்தை வைத்த எந்திரங்களில் அழுத்தத்தை நூல் பிடித்தது போல வைத்திருக்கலாம். நீர் ஊறிய ஆற்றுமணலுக்கு, தாமிரபரணிப் படுகை மாதிரி இடத்துக்கு, நான் வேறு எதையும் யோசிக்கமாட்டேன். ஆனால் மேலே சேற்றையும் மண்ணையும் பிரிக்கும் ஆலைக்குப் பெரிய இடம் வேண்டும், நகரத்துக்குள் அது கிடைப்பது லேசில்லை. களிமண் வந்தால் குழாய் அடைக்கும், பிரிப்பதும் பெரும்பாடு. பருக்கன் கல்லாக இருந்தால் தோல் படியாமல் சேறு ஓடியே போய்விடும்.

மூன்றாவது ஈபிபி (எர்த் பிரஷர் பேலன்ஸ், மண்ணின் அழுத்தத்துக்கு மண்ணையே ஈடாக நிறுத்தும் எந்திரம்), ஜப்பான்காரர்கள் 1970களில் களத்துக்குக் கொண்டுவந்தது. வெட்டிய மண்ணையே அறையில் அடைத்து அதையே முட்டாகக் கொடுக்கிறது. திருகாணி போன்ற ஸ்க்ரூ கன்வேயர் மண்ணை வெளியே எடுக்கும் வேகத்தைக் குறைத்தால் அழுத்தம் ஏறும், கூட்டினால் இறங்கும். பிரிக்கும் ஆலை வேண்டாம், செலவும் குறைவு. நிபந்தனை ஒன்றுதான்: அறைக்குள் மண் உளுந்தங்களிப் பதத்தில் இருக்க வேண்டும். வண்டல், களிமண் என்றால் அது சுலபம். வெறும் மணல் என்றால் நுரையும் பாலிமரும் சேர்த்துப் பதம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். களிக்குள் சுழல்வதால் கட்டர்ஹெட் என்கிற வெட்டுத்தலைக்கு முறுக்குவிசை அதிகம் தேவை, தேய்மானமும் ஜாஸ்தி.

சென்னை மாதிரி மணல், களிமண், சார்னகைட் பாறை மூன்றும் மாறி மாறி வரும் நிலத்தில்தான் உண்மையான வாக்குவாதம். அடிப்பாதி பாறை, மேல்பாதி மணல் என்று முகப்பு வரும்போது ஈபிபி ஆபரேட்டருக்கு ஒரு சபலம் வரும்: அறையைப் பாதி காலியாக வைத்தால் பாறை சீக்கிரம் வெட்டும், பல்லும் குறைவாகத் தேயும். வெட்டும்தான். ஆனால் மேல்பாதி மணலுக்கு முட்டு இல்லாமல் போகும், எந்திரம் பாறையோடு மல்லுக்கட்டுகிற நேரம் முழுக்க மணல் உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும், சில நாள் கழித்து மேலே ரோட்டில் பள்ளம். அங்கே ஈபிபியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை; அறையை நிரப்பி ஓட்டப் பொறுமை இல்லாத இடத்தில் ஸ்லரிதான் பத்திரம், அதில் பாதி காலியாக ஓட்டலாம் என்ற ஆசைக்கே இடம் கம்மி.

நம்ம செங்கோட்டை மலைச் சுரங்கத்துக்கு இந்தத் தலைவலி கிடையாது. 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய அந்தத் தடத்தில் மலைப்பாறை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும்; துளை போட்டு வெடி வைத்தால் போதும். நொறுங்கிய பாறையில் இந்தச் சுரங்க எந்திரமில்லாமல் போவதானால் உச்சியில் குடை மாதிரி குழாய் செருகுவார்கள், முகப்பில் கண்ணாடியிழைக் கம்பி அறைவார்கள். இரும்புக் கம்பி என்றால் அப்புறம் வெட்டும்போது தோண்டும் கருவியின் பல்லை உடைக்கும்.

எந்த எந்திரமானாலும் நான் முதலில் கேட்பது மண் கணக்கை. 6.5 மீட்டர் விட்டத்தில் 1.5 மீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய 50 கன மீட்டர் மண் வர வேண்டும். ஈபிபியில் பெல்ட் தராசு காட்டும். ஸ்லரியில் போகிற குழாய்க்கும் வருகிற குழாய்க்கும் உள்ள அடர்த்தி வித்தியாசத்தில் கணக்குப் போடுவார்கள். அண்ணாச்சியிடம் இரண்டும் கிடையாது. ஒரு உறைக்கு இத்தனை சட்டி என்று சுவரில் கரிக்கோடு போடுவார், நாலு கோடு கூடிவிட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறி வந்துவிடுவார்.