செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஃப்ரேசல் வெர்ப் கையேடு: ‘புட் ஆஃப்’ பக்கம் தேறுமா?

கடலை மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் 40 ரூபாய்க் கையேடு. ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு ‘ஆஃப்’ மாதிரி ஒரு சிறுசொல் ஒட்டித் தனிப்பொருள் தருமே, அதுதான் ஃப்ரேசல் வெர்ப். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். சோற்றுக்கு ஒரு பருக்கை மாதிரி, ‘புட் ஆஃப்’ பக்கத்தைப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும்.

‘தள்ளிப்போடு’ என்று பொருள் கொடுத்திருப்பது கச்சிதம். புட் என்றால் போடு. நாமும் தள்ளிப் ‘போடு’கிறோம். மனதில் சட்டென்று ஒட்டும். இறந்த காலத்திலும் ‘புட்’தான், ‘புட்டட்’ கிடையாது என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

சறுக்குவது வாக்கியத்தில். ‘புட் ஆஃப் தி மீட்டிங்’, ‘புட் தி மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. மீட்டிங்கை எடுத்துவிட்டு ‘இட்’ வைத்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ தப்பு. தேர்வில் கேட்பதே இதைத்தான். கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. அடுத்து வினைச்சொல் வந்தால் ‘புட் ஆஃப் கோயிங்’ என்று வரணும், ‘புட் ஆஃப் டு கோ’ வராது. இதுவும் இல்லை.

‘கால் ஆஃப்’ என்பதையும் இதே பொருளில் சேர்த்திருப்பது பெரிய பிழை. முகூர்த்தத் தேதி தள்ளிப்போனால் ‘புட் ஆஃப்’. கல்யாணமே நின்றுபோனால் ‘கால் ஆஃப்’. மாற்றிச் சொன்னால் சம்பந்தி வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லையோரத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில், மலையாளத்தில் ‘பரீட்ச மாற்றிவெச்சு’ என்றால் தேர்வைத் தள்ளிவைத்தாச்சு என்று பொருள். தமிழ்க் காதில் அது ‘மாற்றிவைத்தார்கள்’ என்று விழும். அதை ‘சேஞ்ச்டு தி எக்ஸாம்’ ஆக்கினால் தேர்வே வேறாகிவிடும். இங்கே விற்கிற புத்தகம் இதைக் கவனித்திருக்கலாம்.

‘புட் ஆஃப் தி லைட்’ நம் ஊரில் சகஜம். பேச்சில் யாரும் முறைக்க மாட்டார்கள். எழுதும்போது ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ போடுவதே பத்திரம். கையேடு எச்சரிக்கை இல்லாமல் விட்டுவிட்டது. கருவாட்டு வாடையில் சாப்பிடும் ஆசையே போய்விட்டால் அதற்கும் ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்பார்கள். அந்தப் பொருளையே காணோம்.

உச்சரிப்பு மட்டும் சுலபம்: காலையில் கடலைக்கறியோடு வருகிற புட்டில் பாதி.

வாங்குகிறவர்கள் ‘கால் ஆஃப்’ வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘புட் இட் ஆஃப்’ என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.