பிள்ளையைப் பார்க்க ஜெர்மனி செல்லும் பெற்றோருக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் எவ்வளவு கைகொடுக்கும்?

ஜெர்மனியில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் அங்கே காசு கொடுத்து வாங்கக்கூடியவற்றுள் மிகவும் பயனுள்ளது எது என்று என்னைக் கேட்டால், டாய்ச்லாண்ட் டிக்கெட் என்றுதான் சொல்வேன். மாதத்துக்கு ஒரு தொகை கட்டிவிட்டால், நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், புறநகர் ரயில், ஊர்விட்டு ஊர் செல்லும் வட்டார ரயில் ஆகிய எல்லாவற்றிலும் இரண்டாம் வகுப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். 2022ஆம் ஆண்டுக் கோடையில் மூன்று மாதங்களுக்கு மட்டும் 9 யூரோவுக்கு விற்கப்பட்ட சீட்டுக்குக் கிடைத்த வரவேற்பைத் தொடர்ந்து, 2023 மே முதல் தேதி இது 49 யூரோ விலையில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் 58 யூரோவாகவும் 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் விலை ஏறியிருக்கிறது. நம் பணத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்றாலும், அந்த ஊர்ப் போக்குவரத்துச் செலவோடு ஒப்பிட்டால் இது கையைக் கடிக்கும் தொகை அன்று.

எங்கள் மகள் ஆகன் நகரில் முதுகலைப் பொறியியல் படிக்கிறாள். நானும் என் கணவரும் அவளோடு தங்கியிருந்த காலம் முழுவதும் இந்த டிக்கெட்டைத்தான் பயன்படுத்தினோம். அதன் அருமை பணத்தில் மட்டும் இல்லை என்பது அங்கே போன சில நாள்களிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் காலையில் வகுப்பு, பகலில் ஆய்வகம், மாலையில் பகுதிநேர வேலை என்று நாள் முழுக்க ஓட்டமாக இருக்கிறது. பெற்றோர் வந்திருக்கிறார்கள் என்பதற்காக அவர்கள் எதையும் நிறுத்திவைக்க முடியாது, நிறுத்திவைக்கும்படி நாமும் கேட்கக் கூடாது. ஆனால் எங்கே போவதென்றாலும் மகளிடம் கேட்டு, அவள் வந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து, எந்த மண்டலத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று அவள் விளக்கிய பிறகுதான் வாசலைத் தாண்ட முடியும் என்றால், நாம் நாளெல்லாம் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதாகிவிடும். அவளுக்கும் வகுப்பில் மனம் ஒட்டாது. டாய்ச்லாண்ட் டிக்கெட் இந்தச் சார்பை ஒரேயடியாக நீக்கிவிடுகிறது. கட்டணம், மண்டலம், இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற கவலை எதுவும் இல்லாமல், வருகிற பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். தவறான பேருந்தில் ஏறிவிட்டாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றால் போதும், பணம் வீணாவதில்லை.

மகள் ஆய்வகத்துக்குக் கிளம்பியதும் நாங்கள் இருவரும் பேருந்தில் எலிசன்புருன்னன் நிறுத்தத்துக்குப் போவது வழக்கமாயிற்று. நகரின் பெரும்பாலான பேருந்துகள் வந்து கூடும் இடம் அது. அங்கே வெள்ளைத் தூண்கள் நின்ற மண்டபத்தின் குழாய்களில் இயற்கையான வெந்நீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கந்தக வாடை தெருவரைக்கும் வரும். அங்கிருந்து நடந்து போகும் தொலைவில்தான் பேரரசர் சார்லமேன் 814இல் அடக்கம் செய்யப்பட்ட பேராலயம் இருக்கிறது. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோதே இடம்பெற்ற கட்டடம் அது. பார்த்துவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு, மகள் வருவதற்குள் திரும்பி வந்து சமைத்து வைத்துவிடுவோம். பிள்ளைக்கு நம்மால் ஆன உதவி அதுதானே.

வாங்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கல் இருப்பது அங்கேதான். இது ஒருமுறை வாங்கி முடித்துக்கொள்ளும் சீட்டு அன்று. மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. அதுவும் நாம் வாங்கிய நாளிலிருந்து முப்பது நாள் என்று கணக்கில்லை, நாள்காட்டி மாதம்தான் கணக்கு. இருபதாம் தேதி போய் இறங்கினாலும் பொதுவாக முழு மாதத்துக்கும் கட்ட வேண்டும். சில விற்பனையாளர்கள் மட்டும் முதல் மாதத்தில் எஞ்சிய நாள்களுக்கு ஏற்பக் குறைத்து வாங்குகிறார்கள். எனவே பயணத் தேதியை நாமே தீர்மானிக்கும் நிலையில் இருந்தால், மாதத் தொடக்கத்தில் சென்று சேருமாறு விமான டிக்கெட் எடுப்பது நல்லது. எல்லா விற்பனையாளர்களிடமும் விலை ஒன்றுதான், ஆனால் பணம் வாங்கும் வழி வேறுபடும். பலர் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும் முறையையே கேட்கிறார்கள், அதற்கு நம் இந்திய வங்கிக் கணக்கு உதவாது. பிள்ளையின் ஜெர்மன் கணக்கைக் கொடுப்பதே எளிது. அட்டையாகத் தபாலில் அனுப்பும் விற்பனையாளர்களைத் தவிர்த்து, கைப்பேசிச் செயலியில் உடனே தருபவர்களிடம் வாங்க வேண்டும்.

டிக்கெட் ஒருவர் பெயருக்கு உரியது. கணவனும் மனைவியும் ஒன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். பெயரைப் பதிவு செய்யும்போது நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கும், என்னுடையதிலும் அப்படித்தான். செயலியோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடாது. மகள் இரண்டு கட்டத்திலும் என் பெயரையே இட்டாள். பரிசோதகர்கள் கைப்பேசித் திரையில் உள்ள குறியீட்டைத் தங்கள் கருவியால் படித்துவிட்டுச் சில நேரம் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். பெயர் இருமுறை வந்திருப்பதை எவரும் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. ரயில் நிலையங்களில் நுழைவுத் தடுப்பு எதுவும் கிடையாது என்பதால் டிக்கெட்டைப் பார்ப்பார் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. செல்லுபடியாகும் சீட்டு கையில் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோனால் டிக்கெட்டும் போனதுபோலத்தான், ஆகவே வெளியூர் போகும் நாள்களில் பவர் பேங்க் ஒன்று கட்டாயம்.

இனிச் செலவுக் கணக்கு. ஆகனிலிருந்து கொலோனுக்கு இரண்டு முறை போய்த் திரும்பினாலே மாதக் கட்டணம் ஈடாகிவிடும். அதற்கு மேல் போவதெல்லாம் லாபம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இதே டிக்கெட் 60 விழுக்காடு விலையில், பருவக் கட்டணத்தோடு சேர்த்தே வழங்கப்படுகிறது. அதனால் வார இறுதியில் பிள்ளையோடு சேர்ந்து ஓர் ஊருக்குக் கிளம்பினால் அவர்களுக்கென்று தனியாக ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை.

இந்த டிக்கெட்டில் போகக்கூடிய பாதைகளில் நான் எல்லோருக்கும் சொல்வது மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் வரைக்கும் ரைன் ஆற்றின் இடக்கரையை ஒட்டிச் செல்லும் வட்டார ரயிலைத்தான். பிங்கன் நகரைத் தாண்டியதும் ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிவிடும். 2002இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு அது. மைன்ஸிலிருந்து வரும்போது வலப்பக்க சன்னலோரம் உட்கார வேண்டும். செங்குத்துச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், கௌப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுத்திட்டில் கப்பல்களிடம் சுங்கம் வாங்குவதற்காகக் கட்டப்பட்ட வெண்ணிறக் கோட்டை, அதற்கடுத்து லோரலைப் பாறை, அதைச் சுற்றி வளைந்து வரும் சரக்குப் படகுகள் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். விரைவு ரயிலில் போயிருந்தால் பிராங்க்ஃபர்ட்டுக்கும் கொலோனுக்கும் இடையே சுரங்கங்களின் வழியே ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுவோம், இவை எதுவும் கண்ணில் படாது. என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பாதை முழுவதும் அவர் உட்காரவே இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற தொலைதூர விரைவு ரயில்களில் இந்த டிக்கெட் செல்லாது. அதனால் விமானம் வந்திறங்கும் நாளில் இதை நம்பிப் பயணம் வகுப்பது கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தின் தொலைதூர ரயில் நிலையத்திலிருந்து ஆகனுக்கு மாறாமலே செல்லும் விரைவு ரயில் உண்டு. வட்டார ரயிலில் வந்தால் கோப்லென்ஸிலும் கொலோனிலும் இறங்கி மாற வேண்டும், நேரமும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஊறுகாய், பொடி வகைகள், பிள்ளை கேட்ட பிரஷர் குக்கர் என்று கனத்த பெட்டிகளோடு, இரவு முழுக்கத் தூங்காத கண்களோடு இறங்கும் பெற்றோர் அந்த ஒரு பயணத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்து, முன்பதிவு செய்த இருக்கையில் உட்கார்ந்து போவதே உடம்புக்கு நல்லது.

வட்டார ரயில்களில் இருக்கை முன்பதிவு இல்லை. காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போவோர் கூட்டம் நெருக்கும். தண்டவாளப் பராமரிப்பு நடக்கும் நாள்களில் பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றுவார்கள், அப்போது ஒரு மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரமாக நீளும். சிறிய நிலையங்களில் மின்தூக்கி பழுதாகி நின்றிருந்தால் மூட்டு வலி உள்ளவர்களுக்குப் படிகள் பெரும் சோதனை. ஒருநாள் மாலை எங்கள் ரயில் தாமதமாகி, மாற வேண்டிய ரயில் கண்ணெதிரே கிளம்பிவிட்டது. அடுத்ததற்காக ஒரு சிறிய நிலையத்தின் குளிர்ந்த நடைமேடையில் காத்திருந்தோம். வேறு டிக்கெட் வைத்திருப்பவர்கள் இத்தகைய நேரத்தில் விரைவு ரயிலில் ஏறிக்கொள்ள விதிகளில் இடமுண்டு. இந்த டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. இவ்வளவு குறைந்த விலைக்கு எல்லாம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கடைசி ரயிலை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பதையும், கையில் சிற்றுண்டியும் கம்பளி ஆடையும் எப்போதும் இருக்க வேண்டும் என்பதையும் முதியோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இந்த டிக்கெட்டை நான் மெச்சுவதற்கு ஹம் நகரத்துப் பயணமே போதுமான காரணம். ஆர்.இ. 1 என்ற வட்டார ரயில் ஆகனில் கிளம்பி, கொலோன், டியூசல்டார்ஃப், எஸ்ஸன், டார்ட்மண்ட் வழியாக ஹம் நகரில் போய் முடிகிறது. எங்கும் மாறத் தேவையில்லை. ஹம் நகரின் உண்ட்ரோப் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஈழத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. நிலையத்திலிருந்து நகரப் பேருந்திலும் இதே டிக்கெட் செல்லும். பேருந்தை விட்டு இறங்கிச் சற்று நடந்ததும், கிடங்குகளின் தகரக் கூரைகளுக்கு மேலே வண்ணச் சுதைச் சிற்பங்கள் நிறைந்த கோபுரம் தெரிகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கற்பூர வாசனை, நாதசுர ஓசை, தமிழில் அர்ச்சனைச் சீட்டு. போரினால் ஊரைவிட்டு வந்தவர்கள் கையில் இருந்ததைச் சேர்த்துக் கட்டிய கோயில் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிறைந்துவிட்டது. கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அங்கே எங்களோடு பேசிய யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "பிள்ளையைப் பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டு, மகளின் கையில் பிரசாதப் பொட்டலம் ஒன்றைக் கூடுதலாக வைத்து, தேருக்கு வரச் சொன்னார். நாங்கள் திரும்பிய பிறகும் மகள் தேவைப்படும்போது கூடுதல் செலவின்றிப் போய்வர ஓர் இடம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஊர் திரும்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்த மாத இறுதியோடு சந்தா நிற்க வேண்டுமோ அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் அதை ரத்து செய்துவிட வேண்டும். பதினொன்றாம் தேதி நினைவு வந்தால் அடுத்த மாதத்துக்கும் சேர்த்துப் பணம் போய்விடும், பிள்ளையின் கணக்கிலிருந்து என்றால் அவர்களுடைய சாப்பாட்டுக் காசு போகிறது என்று பொருள். இணையத்தில் எடுத்த சந்தாவை இணையத்திலேயே நிறுத்துவதற்கான பொத்தான் இருக்க வேண்டும் என்று 2022 ஜூலை முதல் ஜெர்மனியில் சட்டம் இருக்கிறது. ஆனால் நாங்கள் வாங்கிய செயலியில் அந்தப் பொத்தான் பல பக்கங்களைக் கடந்த பிறகே கிடைத்தது. சந்தா என்ற பெயரில் வயதானவர்களையும் வெளிநாட்டினரையும் இப்படித் தேட வைப்பது நியாயமில்லை. ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் வழியை அரசே ஏற்படுத்தித் தர வேண்டும். அதுவரையில், டிக்கெட் வாங்கிய அன்றே பிள்ளையின் கைப்பேசியில் ரத்து செய்யும் தேதிக்கு நினைவூட்டல் வைத்துவிடுவதும், ரத்து உறுதியானதாக வரும் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துவதும்தான் வழி.

ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடுபவர்களுக்கும், ஒரே மாநிலத்தில் ஓரிரு நாள் மட்டும் சுற்றுபவர்களுக்கும் இது தேவைப்படாது. ஐந்து பேர் வரை சேர்ந்து போகக்கூடிய மாநில நாள் டிக்கெட்டுகள் அவர்களுக்குப் போதும். வார நாள்களில் அவை பெரும்பாலும் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதமோ அதற்கு மேலோ பிள்ளையோடு தங்கப் போகிறவர்கள் வேறு யோசனையே செய்ய வேண்டாம்; ஆளுக்கொரு டாய்ச்லாண்ட் டிக்கெட்டை, மாதம் பிறப்பதற்கு முன்பே, பிள்ளையிடம் சொல்லி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.