லாக்டவுன்ல வீட்டுக்குள்ள அடி கூடுச்சா கொறஞ்சுச்சா? எந்தக் கணக்க நம்புறது

2020ல பொண்டாட்டிய அடிக்கிறது கூடுச்சான்னு கேட்டா, கூடுச்சுன்னு சொல்லவும் அரசாங்கக் கணக்கு இருக்கு, கொறஞ்சுச்சுன்னு சொல்லவும் இருக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துல 498ஏ கேஸ் (புருஷனோ அவன் சொந்தக்காரங்களோ கொடுமைப்படுத்துறாங்கன்னு போலீஸ்ல போடுறது) 2019ல 1,25,298, 2020ல 1,11,549. தேசிய மகளிர் ஆணையத்துல குடும்ப வன்முறைப் புகார் அதே ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட 3,000த்துல இருந்து 5,300 பக்கம் போயிருச்சு. ரெண்டும் ஒரே நாடு, ஒரே வருஷம்.

போலீஸ் கணக்க நான் முதல்லயே தள்ளி வச்சிருவேன். பஸ் ஓடல, ஸ்டேஷன்ல பாதிப் பேரு செக்போஸ்ட்ல நிக்கிறாங்க, அம்மா வீட்டுக்குப் போகணும்னாலே இ-பாஸ் வேணும், இதுல எவ போயி எஃப்ஐஆர் போடுவா? 2021ல அதே எண்ணிக்கை 1,36,234ன்னு ஏறிருச்சு, அப்ப 2020ல கொறஞ்சது அடியா, ஸ்டேஷன் வாசலுக்கு வந்தவங்களான்னு நீங்களே பாத்துக்கங்க. சும்மா நாட்கள்லயே இது மொத்த வன்முறைய அளக்குற கணக்கு இல்ல.

மகளிர் ஆணையப் புகார் இதவிட தேவல. வாராவாரம் என்ன நடக்குதுன்னு உடனே காட்டுறதுக்கு அதுதான் இருந்துச்சு. ஆனா ஒரு சிக்கல், தபால் நின்னுபோனதால முதல்ல பெரும்பாலும் ஈமெயில்லதான் வந்துட்டு இருந்துச்சு, ஏப்ரல் 10ம் தேதி வாட்ஸ்அப் நம்பர் குடுத்தாங்க, அதுக்கப்புறம் ஏறுனதுல எவ்ளோ அடி ஏறுனது எவ்ளோ வழி தெறந்ததுன்னு பிரிக்க முடியாது. மொத்தப் புகார்ல பாதி உத்தரப்பிரதேசத்துல இருந்துதான், அத வச்சு தமிழ்நாட்டப் பத்திப் பேசாதீங்க. இதையே கொஞ்சம் உருப்படியா பயன்படுத்துன ஆராய்ச்சியாளர்கள் மொத்த எண்ணிக்கைய விட்டுட்டு, மே மாசம் கொரோனாவுக்காக அரசாங்கம் பிரிச்ச சிவப்பு மண்டல மாவட்டத்தையும் பச்சை மண்டல மாவட்டத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க, வாட்ஸ்அப் ரெண்டுக்கும் பொதுதானே. கெடுபிடி அதிகமா இருந்த சிவப்புலதான் குடும்ப வன்முறைப் புகார் கூடியிருந்துச்சு. எனக்கு இதுல நம்பிக்கை இருக்கு. (மே 7 டாஸ்மாக் தெறந்து, அடுத்த நாளே கோர்ட் மூடச் சொல்லி, 16ம் தேதி திரும்பத் தெறந்த கூத்தையும் யாராச்சும் இப்படி அலசுனா நல்லாருக்கும்.)

போன் சர்வே? வேணாங்க. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி சொந்தமா ஒரு போன் வச்சு பயன்படுத்துன பொம்பளைங்க 54 சதவீதம்தான். போனு இருந்தாலும், "உங்க வீட்டுக்காரர் அடிப்பாராம்மா"ன்னு கேக்குற நேரத்துல அவரு பக்கத்துல கட்டில்ல உக்காந்து "யாரு? ஸ்பீக்கர்ல போடு"ங்குறாரு, அவ என்ன சொல்லுவா, "அதெல்லாம் இல்லீங்க"தான். போன் வச்சப்புறம் அவளுக்கு என்ன ஆகும்ங்குறது தனிக் கதை.

கடைசியா, வீடு வீடாப் போயி எடுத்த அதே குடும்பநல ஆய்வு, அஞ்சாவது சுத்து. ஒரு வீட்டுல ஒரே ஒரு பொண்ணுகிட்ட மட்டும், தனியா இருக்கும்போது மட்டும் கேப்பாங்க, தனிமை கெடைக்கலன்னா அந்தப் பகுதியவே விட்டுருவாங்க. தமிழ்நாட்டுல கல்யாணமானவங்கள்ல 38 சதவீதம் பேரு புருஷன்கிட்ட வன்முறைய அனுபவிச்சிருக்காங்கன்னு வந்தது இதுலதான். நாடு முழுக்க அடிபட்டவங்கள்ல உதவி கேட்டவங்க 14 சதவீதம், யார்கிட்டயும் வாயே தெறக்காதவங்க 77, மேல சொன்ன போலீஸ், புகார் கணக்கெல்லாம் எவ்ளோ சின்னதுன்னு இதுலயே தெரிஞ்சிரும். ஆனா லாக்டவுன் கேள்விக்கு இது தடுமாறுது, நம்ம மாநிலத்துல கொஞ்சம் ஊருக்கு 2020 மார்ச் லாக்டவுனுக்கு முன்னாடியும் மீதிக்கு அப்புறமும்தான் போனாங்க, முன்னாடி போன ஊரு வேற பின்னாடி போன ஊரு வேற, அதனால முன்ன பின்னன்னு நேரா ஒப்பிட்டா தப்பாப் போகும்.

அதனால எத்தன பேருன்னு கேட்டா நான் குடும்பநல ஆய்வத்தான் எடுப்பேன். கூடுச்சா கொறஞ்சுச்சான்னா ஆணையப் புகார, அதுவும் மண்டல வாரியா பிரிச்சு மட்டும். 498ஏ எண்ணிக்கைய யாராச்சும் காட்டி லாக்டவுன்ல வீடெல்லாம் அமைதியா இருந்துச்சுன்னு சொன்னா, ஏப்ரல், மே ரெண்டு மாசம் பஸ் ஓடுச்சான்னு ஒரு வார்த்த கேளுங்க.