15 நாளா, வாசலுக்கு வரும் ஆளா?

அப்பாவின் நடைப்பயிற்சிக்காக ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் ஷூ ஆர்டர் போட்டேன். முதலாவது ஒரு சின்ன பிராண்டின் சொந்தத் தளம். 15 நாள் ரிட்டர்ன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டாவது, எல்லாரும் வாங்கும் பெரிய தளங்களில் ஒன்று. அங்கே 7 நாள்தான். இரண்டிலுமே சைஸ் சேரவில்லை, இரண்டையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இப்போது யார் கேட்டாலும் 7 நாள் கடையைத்தான் சொல்வேன்.

விலையிலும் டெலிவரி வேகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலூர் லாங் பஜார் கடையில் வாங்கியிருந்தால் மறுநாளே போய் வேறு ஜோடி மாற்றியிருக்கலாம், பணமாகத் திருப்பிக் கேட்பதுதான் கஷ்டம்.

திருப்பி எடுக்க யார் வருகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், அப்பா ஒடுகத்தூர் பக்கம் கிராமத்தில். கொண்டுவந்து கொடுக்கும்போது இரண்டு கடையும் ஊருக்குள் வந்தன. ரிட்டர்ன் பட்டனை அழுத்திய பிறகுதான் சின்ன பிராண்ட், "உங்கள் பின்கோடுக்கு பிக்கப் இல்லை, நீங்களே அனுப்புங்கள்" என்றது. அப்பா பெட்டியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வேலூர் வந்தார். ஸ்பீட் போஸ்ட் செலவு எங்களுடையது. பொருள் போய்ச் சேர்ந்து, அவர்கள் பார்த்து முடித்து, கடைசியில் வந்தது பணம் இல்லை, கூப்பன். 90 நாளுக்குள் அதே கடையில் வாங்கித் தீர்க்க வேண்டுமாம்.

பெரிய தளத்தின் பையன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே வந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். ஷூவைக் கவிழ்த்து, செல்போன் வெளிச்சத்தில் அடிப்பாகத்துப் பள்ளங்களைப் பார்த்தான், டேக் இருக்கிறதா என்று பார்த்தான், போட்டோ எடுத்தான். அப்பா வீட்டுக்குள் பாயில் நடந்துதான் போட்டுப் பார்த்திருந்தார், அதனால் தப்பித்தோம். "ஷூ பெட்டி மேலேயே டேப் ஒட்டிடாதீங்கண்ணா, ரிஜெக்ட் ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் பணம் கணக்கில் ஏறிவிட்டது.

சட்டம் எதுவரை துணைக்கு வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருள், போலி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள், சொன்ன தேதிக்குப் பிறகு வந்த பொருள் என்றால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம். ஆனால் நல்ல ஷூ, அப்பா காலுக்கு இறுக்கமாக இருக்கிறது என்றால் அது பழுது ஆகாது. அங்கே கடையின் பாலிசி வைத்ததுதான் சட்டம். செருப்பிலும் துணியிலும் முக்கால்வாசி ரிட்டர்ன் இந்த வகைதானே!

அதனால் வாங்கும் முன்பே பொருளின் பக்கத்தில் 'ரீஃபண்ட்' என்று இருக்கிறதா, 'ரீப்ளேஸ்மென்ட்' மட்டுமா என்று பாருங்கள். பொருள் போகிற ஊரின் பின்கோடைப் போட்டு பிக்கப் உண்டா என்று கஸ்டமர் கேரில் கேளுங்கள். வேலூர் பின்கோடுக்கு உண்டு என்றால் ஊருக்கும் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கியிருந்தால் ரீஃபண்டுக்கு வங்கிக் கணக்கோ யுபிஐ ஐடியோ கேட்பார்கள், கொடுக்கலாம். யுபிஐ பின் நம்பர் கேட்டால் உடனே போனை வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பரே தேவையில்லை. பெரியவர்களிடம் இதை இரண்டு தடவை சொல்லி வையுங்கள்.

நான் சொன்னதெல்லாம் செருப்பும் துணியும் வாங்கிய அனுபவம். ஃபிரிட்ஜ், செல்போன் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மட்டும் எந்தத் தளத்திலும் வாங்காதீர்கள். பாதத்தைப் பார்த்து எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்து தர நம் பக்கத்திலேயே கரிகிரி மருத்துவமனை இருக்கிறது.

அப்பா இப்போது போடுவது பெரிய தளத்திலேயே மறுபடி வாங்கிய 9-ம் நம்பர். கூப்பனுக்கு இன்னும் 40 நாள் இருக்கிறது, அந்தக் கடையில் அவருக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றும் இல்லை.